நூறு அடி, அரை நாள்

சால்ட் க்ரீக் கிராமத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டு போகும் ரயில் பாதை நிலத்தின் அகலம் நூறு அடி. அதைக் கடக்க அரை நாள் ஆகும். மேட்டுப் பக்கம் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு இறங்கினால், கடல் பக்கம் போய் ஏறும்போது அங்கே மத்தியானச் சூப்பை அடுப்பிலிருந்து இறக்கியிருப்பார்கள். ஓரத்தில் நின்று பார்த்தால் நூறு அடிதான் தெரியும். முள்செடி மூடிய தண்டவாளம், அதற்கு அப்பால் எதிர்ப் பக்கத்து வீட்டுத் துணிக்கொடி, கொடியில் தொங்கும் காலுறையின் பொத்தல் வரைக்கும் தெளிவாகத் தெரியும். குரலும் உடனே போய்ச் சேரும். எடை உள்ளவற்றுக்குத்தான் நேரம் பிடிக்கும். பிள்ளைகள் காலையில் உதைத்த பந்து மத்தியானம் எதிர்ப் பக்கம் வந்து விழும். அதுவரை அது எங்கே இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. காகங்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு கிடையாது. காகங்கள் எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்பட்டவை அல்ல என்பது வான்கூவர் தீவில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ரயில் ஓடிய காலத்தில் இது இல்லை. பாலங்கள் இற்றுப்போய், கடைசி ரயில் தெற்கே போய் திரும்பாமல் நின்ற பிறகுதான் தொடங்கியது. முதல் வருஷம், கையில் எடுத்துப்போன காபி மறுபக்கம் சேர்வதற்குள் ஆறியது. பிறகு, நனைந்த கோட்டோடு இறங்கியவர்கள் காய்ந்த கோட்டோடு ஏறினார்கள். பிறகு சாப்பாடு கட்டிக்கொண்டு போகும்படி ஆனது. அரை நாள் அளவுக்கு வந்தபின் ஏனோ அது மேலே ஏறாமல் அங்கேயே நின்றுவிட்டது. கிராமத்து எல்லைக்கு வெளியே, பக்கத்து ஊர்களில், அதே தண்டவாளத்தை ஜனங்கள் நான்கு எட்டில் தாண்டிக் கடைக்குப் போய்வந்தார்கள். அந்த வழியாகச் சுற்றி வரவும் முடியாது; கடல் பக்கத்துக்கு வடக்கே ஆற்றின் முகத்துவாரம், தெற்கே செங்குத்துப் பாறை. ஒரு முறை அரசு அளவையாளர் லேசர் கருவியோடு வந்தார். கருவி நூறு அடி என்றது. எதிர்ப் பக்கம் அளவுகோலைப் பிடிக்கப் போன உதவியாளர் பொழுது சாயும்போது பசியோடு திரும்பி வந்தார். கருவி சொன்னது அறிக்கையில் ஏறியது. கால் சொன்னதை எழுத அதில் இடம் இல்லை.

கிராமத்தின் நில அலுவலகத்தை நடத்திய ஆர்லீன் ஜிம்மிக்கு இந்த நூறு அடி வேறு விதமான கவலை. அவள் தம்பி ரஸ்ஸல் கடல் பக்கத்தில் இருந்தான். இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்துக்கு மூன்று நாள் நனைமோ நகர ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டியவன். தன் அலுமினியப் படகில் கரையோரமாக நகரத்துப் படகுத்துறை வரை போய், அங்கிருந்து ஆஸ்பத்திரி வண்டியைப் பிடிப்பான். கோடையில் இது உல்லாசம். நவம்பரில் தென்கிழக்குக் காற்று கிளம்பிவிட்டால் படகு கட்டிய இடத்தை விட்டு அசையாது. கடல் பக்கத்துக் குடும்பங்கள் பலவும் மேட்டுப் பக்கம் வந்து உறவினர் வீட்டு வரவேற்பறைகளில் அடைந்துகொண்டபோதும் அவன் வரவில்லை. பெரிய வீடு கடல் பக்கத்தில்தான் இருந்தது. பெயர் சூட்டுவது, இறந்தவர் கடனை முடிப்பது, குளிர்கால ஆட்டம் எல்லாம் நடக்கும் அந்த மண் தரைக் கூடத்துக்கு நெருப்பு போடும் பொறுப்பு அவனுடையது. தவிர, அந்தப் பக்கம் ஆளே இல்லை என்றாகிவிட்டால், இந்தப் பாதை யாரையும் பிரிக்கவில்லை என்று நகரசபைக்காரர்கள் எழுதிவிடுவார்கள் என்பதும் அவனுக்குத் தெரியும்.

தினமும் காலையில் அக்காளும் தம்பியும் ஆளுக்கொரு ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுவார்கள். ஊர் முழுக்கக் கேட்கும்.

"அக்கா, உன் காபி வாசம் இங்க வரைக்கும் வருது. இன்னும் அந்த மலிவுத் தூளையே வாங்குறியா?"

"வாசத்தை வச்சு வயித்தை ரொப்பிக்கோ. டாக்டர் உனக்குத் தண்ணியே அளந்துதான் குடிக்கச் சொன்னார். இந்தப் பக்கம் வந்துடுடான்னா கேக்கமாட்டேங்குற."

"வந்தா உன் சமையலைச் சாப்பிடணும். சிறுநீரகம் போனதே போதும், வயிறாவது இருக்கட்டும்."

அந்த வருஷங்களில் பயனற்றுக் கிடந்த ரயில் பாதையின் எதிர்காலத்தைத் திட்டமிட ஒரு குழு கூடிக்கொண்டிருந்தது. தீவின் நகரசபைகளும், பாதையை ஒட்டிய பூர்வகுடிக் கிராமங்களும் சரிசமமாக உட்காரும் மேஜை என்று அதைச் சொன்னார்கள். நகரசபைகள் மறுபடி ரயில் வேண்டும் என்றன. சைக்கிள்காரர்கள் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு நடைபாதை போடச் சொன்னார்கள். கிராமங்களில் சில ரயிலில் பங்கு கேட்டன, சில நிலத்தைத் திருப்பிக் கேட்டன. சால்ட் க்ரீக் சார்பில் ஆர்லீன் போய் உட்கார்ந்து, மூன்று வருஷம் ஒரே வாக்கியத்தைச் சொன்னாள்: "எங்களைக் கேட்டு எடுக்கல. திருப்பிக் கொடுங்க." குழுவை நடத்தியவள் ஜஸ்லீன் டில்லான். அவளுடைய தாத்தா பஞ்சாபிலிருந்து வந்து தீவின் மர ஆலையில் வேலை பார்த்தவர். அதே ஆலையில் ஆர்லீனின் அப்பாவும் மரம் தள்ளியவர் என்பதால் ஜஸ்லீன் அவளை ஆன்ட்டி என்று கூப்பிடுவாள்; கூட்டத்தில் சண்டை போடும்போதும் அப்படித்தான்.

ஒரு ஜூலை மாதம் ஆர்லீன் குழுவை நேரில் வரச் சொன்னாள். "வரைபடத்தைப் பாத்தது போதும், கண்ணு. சாப்பாடு கட்டிக்கிட்டு வாங்க." நகரசபை உறுப்பினர்கள் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். கொஞ்ச தூரத்தில் சிரிப்பு நின்றது. தண்டவாளத்தைத் தாண்டியதும் நிலம் சரிந்து விரிந்தது. ஓரத்திலிருந்து பார்த்தால் தெரியாத ஓக் மரங்கள் நின்றன. ஒரு ஊற்று இருந்தது. ரயில் வருவதற்கு முன் பெண்கள் கிழங்கு தோண்டிய புல்வெளி, ஒரு ஊரையே உட்காரவைக்கும் அளவுக்குக் கிடந்தது. அப்போதும் ரஸ்ஸலின் துணிக்கொடி எதிரே, கைக்கு எட்டும் தூரத்தில் ஆடிக்கொண்டுதான் இருந்தது. நடுவில் ஓரிடத்தில் உட்கார்ந்து ரொட்டியும் புகைபோட்ட சால்மன் மீனும் சாப்பிட்டார்கள். சாப்பிட்டபின் ஜஸ்லீன் எழுந்து, அந்த ஊர் முறைப்படி செய்வதாக நினைத்துக்கொண்டு, கூட்டத்துக்குச் சாட்சிகளை அழைத்து ஆளுக்கு இரண்டு சில்லறைக் காசு கையில் வைத்தாள். வைத்தது தன் குழு உறுப்பினர்கள் கையிலேயே.

கெல்வினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் பள்ளிப் பேருந்து ஓட்டுபவன். பெரிய வீட்டில் எந்தக் குடும்பம் காரியம் செய்தாலும் அவர்கள் சார்பில் எழுந்து பேசுபவனும் அவன்தான். "ஏம்மா, சொந்த வீட்டு ஆளையே யாராவது சாட்சி வைப்பாங்களா? அப்புறம் உனக்கு வேண்டியதத்தானே சொல்லுவான்! காரியம் செய்யுறவன் வேற வீட்டாளைக் கூப்பிட்டுக் காசு கொடுக்கணும். காரியம் முடிஞ்சதும் அவங்களை எழுந்திரிச்சு, பாத்ததைச் சொல்லுங்கன்னு கேக்கணும். கேக்காம விட்டா காரியமே முடிஞ்சதா ஆகாது. காசு வாங்குனவன் கதி, வாயில சோத்தை வச்சுக்கிட்டு முழுங்க முடியாத கதிதான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆர்லீன் மட்டும் சிரிக்கவில்லை. முதன்முதலில் ரயில் பாதைக்கு அளவெடுக்க வந்த சிவப்புத் தாடிக்காரன், வேடிக்கை பார்த்தபடி கூடவே வந்த நான்கு பேருக்கு ஆளுக்கொரு அரை டாலர் வெள்ளிக்காசு கொடுத்தான் என்பது ஊருக்கே தெரிந்த கதை. அது வழியைவிட்டு விலகிப்போகச் சொல்லிக் கொடுத்த காசு, அவமானக் காசு என்றுதான் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். ஆனால் அந்த நான்கு வீட்டிலும் யாரும் அதைச் செலவழிக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரிடம் காசும், அதோடு சேர்த்து ஏதோ ஒரு சேதியும் கைமாறிக்கொண்டே வந்தன; கேட்டாலொழிய வாய் திறக்கக்கூடாது என்பது கட்டளை. ஜிம்மி வீட்டுக் காசு ரஸ்ஸலிடம் இருந்தது. மூத்தவளான தனக்குத் தராமல் தம்பிக்கு ஏன் தந்தார் என்று அப்பாவிடம் ஆர்லீன் சண்டை போட்டபோது, "நீ கேக்காமலே சொல்லிடுவ" என்று அவர் முடித்துவிட்டார். இப்போது, ரொட்டித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் யோசித்தாள். தாடிக்காரன் தன் காரியத்துக்கு வேற்று வீட்டாரைத்தான் தேர்ந்தெடுத்தான். ஊர் பார்க்கக் காசும் கொடுத்தான். தெரியாமலே எல்லாவற்றையும் முறையாகச் செய்தான், கடைசி ஒன்றைத் தவிர. அவன் கேட்கவில்லை; கடைசி ரயில் நின்று காரியம் முடிந்தபோதும் அவன் வீட்டார் யாரும் கேட்கவில்லை. அந்த நான்கு பேரும் இன்னும் நின்றுகொண்டே இருக்கிறார்கள். கேட்க ஆளில்லாத சாட்சி என்ன செய்வான்? வழியில் போகிறவன் சட்டையைப் பிடித்து நிறுத்திக்கொள்வான், இந்த நிலத்தைப் போல.

அடுத்த வாரமே இதைக் கிராமக் கவுன்சிலில் சொன்னாள். ரயில்காரன் வாரிசு இன்றைக்கு இந்தக் குழுதான். குழு கேட்கட்டும், நான்கு வீட்டாரும் சொல்லட்டும், நிலம் பிடியை விடும். யாரும் அதை மறுக்கவில்லை. தலைவர் டுவேன் மட்டும் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"விட்டா என்ன ஆகும் ஆர்லீன்? மறுபடி நூறு அடி ஆயிடும். அந்த ஓக் மரம், ஊத்து, புல்வெளி எல்லாம் போயிடும். வீட்டுக்காகக் காத்திருக்கிற குடும்பம் எத்தனைன்னு உனக்குத் தெரியும். என் மகளே என் கார் நிறுத்துற கராஜ்லதான் குடியிருக்கா. நமக்கு ஒரு துண்டு நிலம் தானா விரிஞ்சு கொடுத்திருக்கு. அதை நாமளே சுருட்டி ரயில்காரன்கிட்ட கொடுக்கணுமா?"

"என் தம்பி?"

"அவனை இந்தப் பக்கம் வரச் சொல்லு."

அது நியாயமான பேச்சு என்பதுதான் ஆர்லீனுக்குக் கஷ்டம். கவுன்சில் முடிவெடுக்காமல் தள்ளிவைத்தது. ஆகஸ்டில் தள்ளிவைத்தது, செப்டம்பரில் தள்ளிவைத்தது. எதிர்ப் பக்கத்து நாற்காலியில் ரஸ்ஸல் போர்வையோடு உட்கார ஆரம்பித்தான்.

நவம்பரில் குழு மறுபடி சால்ட் க்ரீக்கில் கூடியது. பாதையோரம் தார்ப்பாய் கட்டி, அதன்கீழ் நீளமேஜை போட்டு, இந்த நிலத்தில் ரயிலா நடைபாதையா என்று இறுதி வரைவு எழுத உட்கார்ந்தார்கள். தென்கிழக்குக் காற்று பல நாளாக அடித்துக்கொண்டிருந்தது. ரஸ்ஸல் தொடர்ந்து இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அன்று காலை அவன் குரல் நீருக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. கால்கள் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. ஆர்லீன் ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். அவன் சொன்ன அறிகுறிகளைப் போனில் கேட்ட நர்ஸ், நுரையீரலில் நீர் கோத்துவிட்டது, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவாருங்கள், மத்தியானம்வரை தாங்காது என்றாள். ஆம்புலன்ஸ் வந்து நிற்காமல் பாதை நிலத்தில் இறங்கியது. இறங்கியதும், அது எல்லோர் கண் முன்னாலும் ஊர்ந்தது. சக்கரங்கள் முழு வேகத்தில் சுற்றின, சேறு தெறித்தது, சைரன் அலறியது; வண்டி நத்தையாக நகர்ந்தது. எதிரே ரஸ்ஸல் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சுக்கு வாயைத் திறந்து திறந்து மூடுவது தெரிந்தது.

ஆர்லீன் மேஜைக்கு வந்து ஜஸ்லீன் முன்னால் நின்றாள். "கேளு."

"ஆர்லீன், கவுன்சில் இன்னும் முடிவு பண்ணல" என்றார் டுவேன்.

"கவுன்சில் நல்லா மூச்சு விட்டுக்கிட்டு உக்காந்திருக்கு. அவனால முடியல. கேளு, கண்ணு."

ஜஸ்லீன் டுவேனைப் பார்த்தாள். டுவேன் ஊர்ந்துகொண்டிருந்த ஆம்புலன்சைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். ஜஸ்லீன் மழைக்கு வெளியே வந்து, தண்டவாளத்தைப் பார்த்து நின்றாள். "இந்தக் காரியத்தை ஆரம்பிச்ச வீட்டுக்கு இப்ப வாரிசு நாங்கதான். அந்த வீட்டு சார்பில கேக்குறேன். அன்னிக்குக் காசு வாங்குனவங்க எழுந்திரிச்சு, பாத்ததைச் சொல்லுங்க."

முதலில் எழுந்தவன் கெல்வின். அவன் பாக்கெட்டில் கை விட்டு எடுத்த காசு கறுத்திருந்தது. அவனுடைய பேருந்து ஓட்டும் குரல் போய், பெரிய வீட்டுக் குரல் வந்தது. தாடிக்காரன் இந்த மேட்டிலிருந்து இறங்கினபோது காலைச் சாப்பாட்டு நேரம், கடல் நீர் வற்றிக் கிடந்தது, எங்கள் வீட்டுப் பெரியவர் பார்த்தார் என்றான். அடுத்து கிராமத்து மருந்தகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் எழுந்தாள். தாடிக்காரர் நடந்து நடந்து களைத்துப்போய்ப் புல்வெளியில் உட்கார்ந்துவிட்டார், கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த எங்கள் வீட்டுப் பாட்டிமார் மீன் சூப் கொடுத்தார்கள், இரண்டாவது முறையும் வாங்கிக் குடித்தார் என்றாள். மூன்றாமவர் சொன்னது ஒரு வரி: தாடிக்காரர் கடல் பக்கம் போய்ச் சேர்ந்தபோது நீர் ஏறி, படகுகள் மிதந்துகொண்டிருந்தன. மேஜையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான்காவது குரலுக்கு எல்லோரும் எதிர்ப் பக்கம் திரும்பினார்கள்.

ரஸ்ஸல் நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்றான். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கினான். ஆனால் குரலுக்கு அந்த நூறு அடி ஒரு பொருட்டில்லை.

"அங்க போய்ச் சேந்ததும்... எழுதுறவன் கேட்டான், அகலம் எவ்வளவுன்னு எழுதட்டும்னு. தாடிக்காரன் திரும்பிப் பாத்தான். அரை நாள் நடந்த நிலத்தை. பாத்துட்டுச் சிரிச்சான். நூறு அடின்னு எழுது, நமக்கு அது போதும், மிச்சத்தை யார் பாக்கப்போறாங்கன்னான். எங்க பெரியவருக்கு அவங்க பாஷை தெரியும்னு... அவனுக்குத் தெரியாது. அப்புறம் காசு கொடுத்தான். அவ்வளவுதான். தான் பாத்ததா அவர் சொல்லச் சொன்னது இது."

உட்கார்ந்தான். பிறகு, "அக்கா, இதைப் போயி இத்தனை வருஷம் வயித்துல வச்சிருந்தேன் பாரு" என்றான். "நீயா இருந்தா மூணாம் நாளே சொல்லியிருப்ப."

அந்த வாக்கியம் முடிவதற்குள் ஆம்புலன்ஸ் பாய்ந்தது. அதுவரை சக்கரங்கள் எந்த வேகத்தில் சுற்றினவோ அந்த வேகத்திலேயே பாய்ந்தது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்தும், ரஸ்ஸலின் துணிக்கொடிக் கம்பத்தை முறித்துக்கொண்டுதான் நின்றது. அவனை ஏற்றிக்கொண்டு வண்டி திரும்பி வந்து நெடுஞ்சாலையில் ஏறுவதற்குள் மேஜைமேல் இருந்த காபி ஆறவில்லை. நீரை இறக்க அன்று சாயங்காலம்வரை பிடித்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஆர்லீனுக்கு, தம்பி தப்பிவிட்டான் என்ற சேதிக்குப் பின்னாலேயே, அந்த நிலம் போயிருக்கும் என்ற எண்ணமும் வந்தது. டுவேனுக்கு என்ன பதில் சொல்வது என்று வாக்கியம் தேடிக்கொண்டிருந்தபோது அவரே போனில் கூப்பிட்டார். பின்னால் காற்றுச் சத்தம் கேட்டது.

"ரஸ்ஸல் எப்படி இருக்கான்?"

"சூப் நல்லா இல்லன்னு நர்ஸைத் திட்டுறான்."

"அப்ப பொழைச்சுக்குவான். இங்க கேளு. பசங்க ஓடி ஓடிக் கடக்குறாங்க, ஒரு மூச்சுல அந்தப் பக்கம் போயிடுறாங்க. சரி, எல்லாம் போச்சுன்னு, புல்வெளி இருந்த இடத்தையாவது ஒரு தடவை பாத்துட்டு வரலாம்னு இறங்கினேன்." கொஞ்சம் நிறுத்தினார். "இன்னும் நடந்துக்கிட்டேதான் இருக்கேன், ஆர்லீன். சாப்பாடு எடுத்துட்டு வரல. என் பொண்டாட்டிகிட்ட சொல்லிடு."

அன்றிலிருந்து அது அப்படித்தான். கடந்து போகிறவர்களுக்கு நூறு அடி. நிலத்துக்கென்று இறங்குகிறவர்களுக்கு அரை நாள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டபின் யாரையும் பிடித்து நிறுத்த அதற்குத் தேவையிருக்கவில்லை என்று கெல்வின் விளக்கம் சொன்னான். ஜஸ்லீன் விளக்கம் எதுவும் எழுதவில்லை. இறுதித் திட்டத்தில் சால்ட் க்ரீக் பகுதிக்கு மூன்று விஷயங்கள் எழுதினாள். நிலம் முழுவதும் கிராமத்துக்குத் திரும்புகிறது. அதன் அகலம், வற்றிய கடல் நீர் ஏறும்வரை ஒருவர் இடையில் சூப் குடித்து நடக்கும் தூரம். தண்டவாளம் கிடக்கும் கீற்று மட்டும் ரயிலுக்கு, கிராமத்தின் அனுமதியோடு, வாடகைக்கு. நகரசபைகளின் வழக்கறிஞர்கள் இரண்டு குளிர்காலம் அதைப் படித்தார்கள். சாட்சி முறையாகக் கேட்கப்பட்டிருந்தது, குழுவே கேட்டிருந்தது, கேட்டபோது அத்தனை நகரசபை உறுப்பினர்களும் அங்கே இருந்தார்கள். கடைசியில் கையெழுத்துப் போட்டார்கள். கையெழுத்துப் போட்ட அன்று ஆர்லீன் வேறு கிராமங்களிலிருந்து சாட்சிகளை அழைத்து, காசு கொடுத்து, காரியம் முடிந்ததும் எழுப்பி, பேசச் சொன்னாள். கடைசி ஆள் பேசி உட்காரும்வரை யாரும் எழுந்துபோகவில்லை.

இப்போது இரட்டைப் பெட்டி ரயில் தினமும் போய்வருகிறது. சன்னல் வழியாகப் பார்க்கும் பயணிகளுக்கு நூறு அடிப் புல்லும் அதற்கப்பால் ஒரு துணிக்கொடியும் தெரியும்; எங்கிருந்து வருகிறது என்று தெரியாத நிறைய அடுப்புப் புகையும் தெரியும். டுவேனின் மகள் வீடு ஊற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவளைப் போலவே காத்திருந்த குடும்பங்கள் ஓக் மரங்களை வெட்டாமல் சுற்றி வீடு கட்டிக்கொண்டன. இன்னும் இடம் இருக்கிறது. கடல் பக்கத்துக்காரர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். ரஸ்ஸல் வாரத்துக்கு மூன்று நாள் ரயிலில் நனைமோ போகிறான். பெட்டியில் ஏறியதும் சீட்டு கேட்கிறவரிடம், வாடகை எங்களுக்குத்தான் வருகிறது என்று ஞாபகப்படுத்தாமல் இருப்பதில்லை. காலை நாற்காலிகள் பழைய இடத்திலேயே இருக்கின்றன. ஆர்லீன் இப்போது காபியை அவனுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டு, சூடாகவே, அந்தப் பக்கம் போகிறாள். அவன் தூளைக் குறை சொல்லிக்கொண்டே அளந்து குடிக்கிறான். பிள்ளைகள் உதைத்த பந்து உடனே எதிர்ப் பக்கம் விழுகிறது. சில நாள் நடுவில் விழுந்துவிடும். எடுக்கப் போன பிள்ளை மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் திரும்பும் என்பதால், பந்தோடு சேர்த்து ஒரு துண்டு ரொட்டியும் கொடுத்து அனுப்புகிறார்கள்.